கூரைக்குக் காவல் வைத்த மீன்கள்

பொம்மனஹள்ளி,
24.5.1998

என் தங்கம் பிரபாவுக்கு, உன் அம்மா பேனாவைத் தேடி எடுத்து, அது எழுதாமல் உதறி உதறிச் சுவரெல்லாம் மை தெளித்த பிறகு எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா என்னைவிடச் சுகம், கவலைப்படுகிற வேலையை முழுசாக அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் யார்தான் சுகமாக இருக்க மாட்டார்கள். அங்கே நாக்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிற சின்ன எஜமானரும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது. புளிப்பாகத் தின்னத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாய், தாராளமாகத் தின்னு, மாப்பிள்ளையின் தலையை மட்டும் தின்னாதே, அவருக்கு ஆபீஸ் போக அது வேண்டும். என் எழுத்து உனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, கால் போட வேண்டிய இடத்தில் கால் இல்லையென்றால் நீயே போட்டுப் படித்துக்கொள்.

உன் மாமியார் சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை நாங்கள் இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் படித்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம், ஆனால் அந்தத் தாய்வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று முதலில் கேட்டு எழுது, ஆனி முடிவதற்குள் வீடு ஆகவில்லையென்றால் பிரசவம் நாக்பூரிலேயே என்று சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த வாடகை வீட்டில் நான் திரும்பிப் படுத்தால் உன் அப்பா எழுந்து உட்கார வேண்டும், இதில் உன்னையும் ஒரு கைக்குழந்தையையும் எங்கே வைப்பது, அரிசி டின்னுக்கு மேலேயா. ஆனாலும் நீ அங்கே வலியில் அம்மா என்று கத்தும்போது, நான்தான் இருக்கேனே என்று உன் மாமியார் ஓடி வந்து நிற்பாரே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சந்தாபுராவில் நாம் கட்டுகிற வீட்டு விஷயத்தை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல். நடுவில் எல்லாமே கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் மழையும் இல்லை, சிமென்ட்டும் இல்லை, மீன். சிரிக்காதே, அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பாலம் கட்டுகிற கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர், அதனால் நம் வீட்டுக்கும் அவர்தான் சூப்பர்வைசர் என்று உன் அப்பா முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போனால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார், கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு நாளும் இத்தனை பயம் காட்டியதில்லை. செங்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள் மாமா, உடையாவிட்டால் நல்ல கல், ஒரு லோடுக்கு நாலைந்து போட்டுப் பார்த்தால் போதும் என்று மாப்பிள்ளை சொன்னார். நாலைந்தில் என்ன தெரியும், அதற்கு அடுத்த கல் மோசமாக இருந்தால் யார் பொறுப்பு என்று உன் அப்பா லாரி வந்த நாள் காலையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நம் மேஸ்திரி கிருஷ்ணப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் ஆனேக்கல் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும், குரல் மட்டும் எப்போதும் மைக் வைத்த மாதிரி. ‘அண்ணா, நீங்க டெஸ்ட் பண்ணி முடிக்கிறப்ப நீங்க பாஸ், நான் பாஸ், கல்லு மட்டும் எல்லாம் ஃபெயில். அப்பறம் சுவத்துக்கு இன்னாத்த வெக்கறது, உங்களயா?’ என்று அவர் கேட்டது மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

மணலையும் விடவில்லை. கண்ணாடி பாட்டிலில் மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் கீழே தங்கும், சேறு மேலே படியும், சேறு கனமாக இருந்தால் அந்த மணல் ஆகாது. இதுவும் மாப்பிள்ளை சொன்னதுதான். என் ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், உன் பழைய தலைக்கெண்ணெய் பாட்டில் எல்லாம் சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டன. சைட்டுக்குப் பக்கத்து வீட்டு டோரதி அக்கா, காக்ஸ் டவுனிலிருந்து வந்து அங்கே குடியேறினவர், தன் காம்பவுண்டு சுவர்மேல் வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, இது என்ன கஷாயம், சர்க்கரைக்குக் கேக்குமா என்று விசாரித்தார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு லோடு மணலில் பாதி சேறு என்று அந்த பாட்டில்தான் காட்டிக்கொடுத்தது, லாரிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி எடுத்துப் போனான். சிமென்ட் மூட்டைக்குள் கைவிட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், கட்டி தட்டியிருக்கக் கூடாது என்றதும் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தார், வீட்டுக்கு வரும்போது பாதி உன் அப்பா, பாதி சிலை.

சித்திரையில் நல்ல நாள் பார்த்துக் கூரைக்குக் கான்கிரீட் போட்டோம், இங்கே அதை மோல்டு போடுவது என்கிறார்கள். மோல்டு போடுகிற நாளில் வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் வயிறு நிறையச் சோறு போட வேண்டும், போடாவிட்டால் அந்தக் கூரையின் கீழே இருப்பவர்களுக்குப் பசி அடங்காது என்று ஒரு பேச்சு. நான் பிரியாணி செய்து எடுத்துப் போயிருந்தேன். எல்லாரும் தின்றார்கள், கிருஷ்ணப்பா மட்டும் தொடவில்லை. மாதேஸ்வரன் மலைக்கு நடந்துபோக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தார், கவிச்சி வாசனை வந்தால்கூடக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார், டோரதி அக்காவிடம் தயிர் வாங்கித் தயிர்சோறு பிசைந்து கொடுத்தேன். இதெல்லாம் உன் அப்பாவுக்குத் தெரியாது, அவர் அன்றைக்கு மிக்ஸர் மெஷினைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கலவையில் தண்ணீர் அதிகமானால் கொட்டுவது சுலபம், ஆனால் கூரைக்குப் பலம் இருக்காது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தாராம், அதனால் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவரை எழுப்ப வேண்டும். வெயிலில் குடைபிடித்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கூழ் ஊற்றுகிற திருவிழாவில் சாமியைத் தூக்கிவந்து வெளியே வைத்த மாதிரியே இருந்தது.

இனிமேல்தான் கூத்து. கான்கிரீட் இறுகினதும் அதன்மேல் சின்னச் சின்னப் பாத்தியாக வரப்புக் கட்டி, நாற்று நடப்போகிற வயல் மாதிரி தண்ணீரை நிறுத்த வேண்டும். ரெண்டு வாரத்துக்குக் காயவே கூடாது, காய்ந்தால் வெடிப்பு விழும், வெடித்தால் ஆயுசுக்கும் ஒழுகும். கிருஷ்ணப்பா தன் ஆட்களை வைத்து ஊற்றுகிறேன் என்றார். மாப்பிள்ளையோ போனில், எங்கள் சைட்டில் இன்ஜினியர் ஜீப் சத்தம் கேட்டால்தான் ஆட்கள் தண்ணீர் ஊற்றுவார்கள் மாமா என்று விளையாட்டாகச் சொல்லிவைக்க, உன் அப்பாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. இவருக்கோ சோப்புக் கம்பெனியில் பகல் ஷிஃப்ட், சந்தாபுராவுக்கு பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாம வர்ற நேரத்துக்கு ஊத்திட்டு நாள் பூரா ஊத்துனேன்னு சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யோசித்து யோசித்து, ஒரு நாள் சந்தையிலிருந்து பெயின்ட் வாளியில் உயிரோடு ஜிலேபி மீன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். குழம்புக்கு என்று நினைத்து நான் அரிவாள்மனையை எடுத்தால், ‘அத்தத் தொடாத சீதா, இது காவல்காரன். மனுசன் பொய் சொல்லுவான், மீன் சொல்லுமா? தண்ணி இருந்தா உயிரோட இருக்கும், காஞ்சா செத்துடும். சாட்சி!’ என்கிறார். நான் கேட்டேன், மீனுக்கு ஷிஃப்ட் உண்டா, ஓவர்டைம் உண்டா, யூனியன் வைத்துக்கொள்ளலாமா என்று. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வாளி தளும்பி ஒரு மீன் கண்டக்டர் காலடியில் துள்ளி, அவர் கன்னடத்தில் கொஞ்சமும் தமிழில் நிறையவும் வாழ்த்தினார். அப்படியும் கொண்டுபோய், யாரும் இல்லாத சமயம் பார்த்து ஏணியில் ஏறி, பாத்திக்கு ஒன்றிரண்டாக விட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் சாயங்காலம் நானும் கூடப் போனேன். தூரத்திலிருந்தே கற்பூர வாசனை. மேலே ஏறிப் பார்த்தால் கூரையின் நாலு மூலையிலும் குங்குமம் தடவின எலுமிச்சம்பழம், நடுவில் உடைத்த பூசணிக்காய், பாத்தித் தண்ணீரில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிற மீன்கள். வேலைக்காரர்கள் எல்லாம் கீழே கூட்டமாக நிற்கிறார்கள், ஒருவரும் மேலே வர மாட்டேன் என்கிறார்கள். கிருஷ்ணப்பா உன் அப்பாவைத் தனியாக ஒதுக்கி, அவர் குரலுக்குத் தனி ஏது, ‘அண்ணா, பயப்படாதீங்க, யாரோ உங்க மனெக்கு மாட்டம், செய்வினை பண்ணிட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா செத்த மீனக் கொண்டாந்து வெச்சிருக்கான் படுபாவி. நான் பூசணிக்கா ஒடச்சு எல்லாம் சரி பண்ணிட்டேன்’ என்றார். உன் அப்பா தொண்டையைச் செருமி, ‘வெச்சது நான்தான்யா’ என்றார். கீழே நின்ற கூட்டத்தில் ஒருவன் சிரித்தான் பார், அதோடு கிருஷ்ணப்பாவின் முகம் மாறிவிட்டது. எதுக்கு வெச்சீங்க என்று கேட்டார். இவரும் சும்மா இருக்காமல் சாட்சிக் கதையைச் சொல்லி, நீ தண்ணியக் காயவுட்டுட்டே, அதான் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டார். ‘ஏனண்ணா இது, மீனு மெதக்குதுன்னா கீழ தண்ணி இருக்குன்னுதானே அர்த்தம்? காத்துலயா மெதக்குது?’ என்றார் கிருஷ்ணப்பா. நியாயமான கேள்வி. அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பா மீனை எண்ணிப் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்றார். காக்கா தூக்கிப் போயிருக்கும் என்று நான் சொல்வதற்குள், ‘மிச்சத்த வறுத்துத் தின்னுட்டியா?’ என்று கேட்டுவிட்டார்.

மாலை போட்ட மனுஷரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. அத்தனை சத்தமாகப் பேசுகிறவர் சத்தமே போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. மாலையைக் கையில் எடுத்துக் காட்டினார். ‘நான் மனெ கட்டோக்கு வந்தேன். மீன் மேய்க்க வர்ல. ஆயித்து, முடிஞ்சிச்சு’ என்று சொல்லிவிட்டுக் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டார். போகட்டும், ஊர்ல மேஸ்திரியா இல்லே என்று உன் அப்பா மார்தட்டினார். ஊர் முழுக்க மேஸ்திரிதான். போய்க் கேட்ட ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே, ஒருத்தர் போட்ட மோல்டை அவர்தான் பிரிக்க வேண்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும், நாங்கள் தொட மாட்டோம். கான்கிரீட்டைத் தாங்குகிற பலகையையும் கம்பத்தையும் கழற்றி மோல்டு பிரிக்காவிட்டால் உள்ளே கால் வைக்க இடம் இல்லை, வீடு முழுக்க முட்டுக்கம்பம், பூச்சு இல்லை, தரை இல்லை. உன் பிரசவம் நாக்பூருக்குப் போயாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் கூரைக்கு நம் சண்டை தெரியுமா, அதற்குத் தாகம். இவர் வேலைக்குப் போய்விட, நான் தினமும் காலையில் பஸ் ஏறிச் சந்தாபுராவுக்குப் போய்விடுவேன். டோரதி அக்கா போர்வெல் மோட்டார் போட்டு டியூப் நீட்டிவிடுவார், கரண்ட் போனால் குடம்தான். என் துணி காய்கிற நாளெல்லாம் தவறாமல் வருகிற பெங்களூர் மழை அந்த வாரம் பார்த்து லீவு. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூரைமேல் நிற்பதைப் பார்த்து, நாத்து நடறீங்களா, பொன்னியா ஐ.ஆர். எட்டா என்று டோரதி அக்கா கீழேயிருந்து கேட்பார். நான் உங்க வூட்டுக்கும் ரெண்டு மூட்டை உண்டு என்பேன். உடைந்த வரப்பையெல்லாம் வெறுங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சரிபண்ணினேன். அந்தத் தண்ணீர் என்னவோ விரலுக்கு வழவழவென்று இருந்தது, துணி துவைத்த தண்ணீர் மாதிரி. ரெண்டு மூன்று நாளில் என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது, காலிலும் எரிச்சல். சாயங்காலம் உன் அப்பாவிடம் கையை நீட்டி, பாருங்க, நீங்க வெச்ச காவல்காரன் செத்த பிறகு அவன் வேலையை நான் பார்க்கிறேன், எனக்கும் தோல் உரியுது என்றேன். அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். எழுந்து போய், அவருக்குக் காட்ட நான் வாளியில் கொண்டுவந்திருந்த பாத்தித் தண்ணீரைத் தொட்டு இரண்டு விரலால் தேய்த்தார். காஸ்டிக் மாதிரி இருக்கே சீதா என்றார். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கின தண்ணீரடி அது, மீன் ஒரு பகல்கூடத் தாங்காது. எத்தனையோ வருஷமாகச் சோப்புக் கம்பெனியில் காஸ்டிக் காரத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிற மனுஷருக்கு இது தெரியவில்லை. நல்லவேளை, அடுத்த காவலுக்குக் கோழி வாங்கிவிடவில்லை. மாப்பிள்ளை இதைப் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும், ஆனால் அவர் சைட்டில் கலவையில் நிற்கிற பெண்பிள்ளைகளுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுக்கிறார்களா என்று நான் கேட்டதாகக் கேள்.

தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்க உன் அப்பாவுக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார், சும்மா போனால் நன்றாக இருக்காது, நல்லதாக ரெண்டு கிலோ மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் வேண்டுதல் விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன், மனுஷருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அப்புறம் பூ, பழம், தேங்காய் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் அவர் ஊருக்குப் போனோம். அவர் மனைவி லட்சுமம்மா நல்ல மாதிரி, பாய் போட்டு மோர் கொடுத்தார். கிருஷ்ணப்பா சுவர் ஓரமாக உட்கார்ந்து, நாங்கள் வந்ததே தெரியாதவர் மாதிரி ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால் அவர் வீட்டுக் கூரை முழுக்க ஒழுகின கறை, ஒரு பக்கம் வெடிப்பு. இந்தக் கையா நம் கூரையைப் போட்டது என்று நினைத்தேன். லட்சுமம்மா என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, ‘பாரும்மா, ஊருக்கெல்லாம் மனெ கட்டறாரு, நம்ம மனெ பாரு, மழெ வந்தா நான் குண்டானோட ஓடறேன்’ என்றார். ‘ஏய், இது நான் போட்டதா? உங்கப்பன் போட்டுக் குடுத்தது! கைய வெச்சா மாமனார குறை சொல்ற மாதிரி ஆயிடும்னு தொடாம இருக்கேன்’ என்று கிருஷ்ணப்பா ஒரே கத்தல், அந்தக் குரல் திரும்பி வந்ததே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து உன் அப்பா, தண்ணி சரியா கட்டலபோல இருக்கு, அதான் வெடிச்சிருக்கு என்று ஆரம்பித்தார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன், இன்னும் தழும்பு இருக்கும்.

நான்தான் உரிந்த கையை நீட்டிக் காட்டி, மீனைக் கொன்றது நீங்க இல்லண்ணா, அந்தத் தண்ணிதான் என்று விவரம் சொன்னேன். உன் அப்பாவும் தலையை ஆட்டி, ‘ஆமாங்க, தண்ணி மேலதான் தப்பு’ என்றார். ‘தண்ணி மேல தப்பு. உங்க மேல ஒண்ணும் தப்பில்ல, அப்படித்தானே?’ என்றார் கிருஷ்ணப்பா. உன் அப்பா மோர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லட்சுமம்மாவைப் பார்த்தார், யாரும் காப்பாற்றவில்லை. ‘என் மேலயும்… ஸ்வல்ப’ என்றார். பிரபா, உன் அப்பா வாயிலிருந்து வந்த முதல் மன்னிப்பு கன்னடத்தில் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். கிருஷ்ணப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ‘நீங்க என் கல்ல டெஸ்ட் பண்ணீங்க, மணல டெஸ்ட் பண்ணீங்க, என்னையும் டெஸ்ட் பண்ணீங்க. இப்ப நான் உங்கள டெஸ்ட் பண்றேன். மோல்டு பிரிக்கிறப்ப நீங்க கீழ நிக்கணும். நானும் நிக்கறேன்’ என்றார். உன் அப்பா சரி என்றார், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

போன புதன்கிழமை மோல்டு பிரித்தார்கள். நான் ரோட்டிலேயே நின்றுகொண்டேன், உன் மாமியாருக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டாமா. இவரும் கிருஷ்ணப்பாவும் ஹாலில் நின்றார்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு கம்பமாகத் தட்டித் தட்டி எடுக்க, ஒவ்வொரு பலகை விழுகிற சத்தத்துக்கும் இவர் ஒரு சாமி பேர் சொல்கிறார், நம் சாமிகள் தீர்ந்துபோய் டோரதி அக்கா வீட்டு மாதாவையும் கூப்பிட்டார். கண்ணைத் திறங்கண்ணா, ஆயித்து என்று கிருஷ்ணப்பா சொன்ன பிறகுதான் நான் உள்ளே ஓடினேன். கூரை கண்ணாடி மாதிரி இருக்கிறது பிரபா, மயிரிழை வெடிப்பு இல்லை. இவருக்குத் தைரியம் வந்துவிட்டது, உடனே பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். சின்ன அறையில் நின்று ஒரு கத்தல். ‘இன்னா மேஸ்திரி இது, ஃபேன் கொக்கியப் போய் மூலையில, ஜன்னல் ஓரமாப் போட்டிருக்கீங்க? காத்து தெருவுக்கா வீசணும்?’ நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், மறுபடியும் ஆரம்பமா என்று. நிஜமாகவே மூலையில் ஒரு கொக்கி, கட்டைவிரல் கனத்துக்கு, இத்தனை நாளும் கம்பங்களுக்கு நடுவில் யார் கண்ணிலும் படவில்லை. கிருஷ்ணப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். ‘ஃபேன் கொக்கி நடுவுல இருக்கு பாருங்க. இது தூளி கட்ட. பாப்பா டெலிவரிக்கு வருதுன்னு அம்மா சொன்னாங்க, அதான் கம்பி கட்டறப்பவே சேத்துக் கட்டிட்டேன். மோல்டு போட்ட பிறகு கேட்டா எங்க போடறது?’

எங்கள் ஒருவர் மூளையிலும் அது வரவில்லை, மாப்பிள்ளை சொன்னதிலும் அது இல்லை. இவர் கூரையில் மீனை விட்டுக் காவல் பார்த்த நாளிலேயே அந்தக் கொக்கி உள்ளே இருந்திருக்கிறது. உன் அப்பா சாரத்துப் பலகையை இழுத்துப்போட்டு அதில் ஏறினார், கொக்கியை இரண்டு கையாலும் பிடித்தார், காலைத் தூக்கிவிட்டார். அவர் எடை உனக்குத் தெரியும். வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு, லுங்கியைக் கிருஷ்ணப்பா பிடித்துக்கொண்டிருக்க, இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தார். கொக்கி அசையவில்லை. இறங்கி வந்து கிருஷ்ணப்பாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், சிமென்ட் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாம். நீங்க பாஸ் அண்ணா என்றார் கிருஷ்ணப்பா.

சின்ன அறைக்குத்தான் முதலில் பூச்சு, நாளையிலிருந்து ஆரம்பிக்கிறார், நீ வருவதற்குள் ஈரம் நன்றாக இழுத்துவிடும், தரைக்கு ரெட் ஆக்சைடுச் சிவப்பு. அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி ஆனி பிறந்ததும் வருகிற மாதிரி இப்போதே டிக்கெட் எடு, கீழ் பெர்த் பார்த்து எடு, ஸ்டேஷனில் விற்கிற வடையைத் தொடாதே, டாக்டர் எழுதின சீட்டையெல்லாம் பெட்டியில் மறக்காமல் வை. கனமான வாளி தூக்காதே. மல்லாந்து படுக்காதே, இடது பக்கம் படு. மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசு, தாய்வீட்டுக்குக் கூரை இருக்கிறது, வெடிப்பு இல்லை என்று மரியாதையாகச் சொல். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. சந்தேகம் இருந்தால் கொக்கியில் அவரும் ஒரு தரம் தொங்கிப் பார்க்கட்டும், லுங்கிக்குப் பதில் புடவையை நான் பிடித்துக்கொள்கிறேன். இந்த வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, வயிற்றுப் பிள்ளை கைகால் சுகமாக, நோய்நொடி இல்லாமல் இருக்க நம் அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். தூளிக்கு என் பழைய நூல்சேலை மூன்று துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
அ. சீதாலட்சுமி

அப்பாவின் ஆசீர்வாதமும். பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.